அவசரம் அறியாத கை

மார்டள்ளியிலிருந்து ஹனூர், கொள்ளேகாலம் வழியாக மைசூரு செல்லும் நம் வாடிக்கையாளர்கள் பலர், வந்த வேலை முடிந்தபின் அரண்மனையையும் ஒருமுறை பார்த்துவிட்டே ஊர் திரும்புவர். அந்த அரண்மனையைச் சார்ந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சித்திரக்காரர் குடும்பம் ஒன்றில், 1886ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் கே. வேங்கடப்பா.

அக்குலத் தொழில் எத்தகையது என்பதை முதலில் அறிவோம். மைசூர் ஓவியத்தில் நகை, கிரீடம் முதலிய இடங்களில் வெள்ளைப் பொடியும் பசையும் கலந்த குழம்பைத் தூரிகையால் தீற்றி, மெல்லிய புடைப்பை உண்டாக்குவர். அதன்மேல் பொன்தாள் ஒட்டுவர். தஞ்சாவூர் ஓவியத்தின் புடைப்பைவிட இது தாழ்வானது, நுண்ணியது. கை சற்றே அவசரப்பட்டாலும் கோடு கெட்டுவிடும். அவசரமின்மையே அக்குடும்பம் மகனுக்கு அளித்த முதற்சொத்து.

மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு 1909இல் கல்கத்தா அரசு கலைப் பள்ளிக்குச் சென்ற வேங்கடப்பா, அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார். நந்தலால் போஸ் அங்கே அவருடன் பயின்றவர். இந்திய உருவ அமைப்பைப் பற்றி ஆசிரியர் எழுதிய நூலுக்கு இவ்விரு மாணவர்களும் விளக்கப்படங்கள் வரைந்தனர்.

அதற்கு முந்தைய தலைமுறையில், ஓர் ஓவியம் நூலில் இடம்பெற வேண்டுமானால், செதுக்குக் கலைஞர் ஒருவர் அதனை மரக்கட்டையில் கோடு கோடாக வெட்டியெடுக்க வேண்டும். ஓவியரின் கோடு இன்னொருவர் உளியின் வழியே வாசகரைச் சேர்ந்தது. ஒளிப்பட முறையில் அச்சுக்கட்டைகள் செய்யும் வழக்கம் வந்தபின் தூரிகையின் வண்ணச் சாயல்களே அச்சேறின. அம்முறையில் 1913இல் வெளிவந்த ஒரு பெருநூல், இந்து, பௌத்தத் தொன்மங்களைப் பற்றியது. சகோதரி நிவேதிதை தொடங்கிய அந்நூலை, அவர் மறைவுக்குப்பின் நிறைவுசெய்தவர் இலங்கைத் தமிழரான முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. அதிலுள்ள இராமாயணக் காட்சிகள் சில வேங்கடப்பாவின் கைவண்ணம்.

1916இல் மைசூரு திரும்பிய அவர், வீணை சேஷண்ணாவிடம் இசை பயின்றார். அந்த ஈடுபாட்டையே பின்னர் ஓர் ஓவியமாகவும் தீட்டினார். உதகையின் மேகங்களையும் கொடைக்கானலின் நீர்ப்பரப்பையும் நேரில் உற்றுநோக்கி நீர்வண்ணத்தில் வரைந்தார். அரண்மனைக்காகப் பாரிஸ் சாந்தில் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். பொன்தாளின் கீழ் நூலளவே எழுந்த குலத்தொழிலின் புடைப்பு, இங்கே சுவரளவு வளர்ந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது.

1940இல் மன்னர் மறைந்தார். ஒரே புரவலரை நம்பியிருந்த கலைஞருக்கு அது பேரிழப்பு. வேங்கடப்பா பிறந்த ஊரை விட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். மணம் செய்துகொள்ளாமல், எளிய வாழ்வு வாழ்ந்து, 1965இல் காலமானார். வழிவழியாக வந்த தொழிலைப் பெற்றுக்கொள்ள அவருக்கு மகன் இல்லை.

ஆயினும் அவர் படைப்புகள் சிதறிப்போகவில்லை. பெங்களூர் கஸ்தூரிபா சாலையில் அவர் பெயரால் அமைந்த அரசுக் கலைக்கூடத்தில் அவை காக்கப்பெறுகின்றன. பெங்களூர் செல்லும் வாசகர்கள் அங்கு ஒருமணி நேரம் செலவிடுமாறு பரிந்துரைக்கிறோம். உதகை ஓவியங்களின் முன் சற்று நின்று பாருங்கள். ஒரு மேகத்தின் ஓரத்தைத் தீட்ட அந்தக் கை எவ்வளவு பொறுத்திருந்தது என்பது புலப்படும்.