அந்நிய ஆகாயத்தில் ஆளில்லாச் சிறு விமானம்

வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கற் காலத்திற் பட்டம் ஏற்றுவோர் கையில் நூல் ஒன்று இருக்கும். பட்டம் எத்துணை உயரஞ் சென்றாலும், அதனை ஏற்றியவர் இன்னார் என்பதை அந்நூலின் வழியே சென்று எவரும் அறிந்துகொள்ளலாம். இக்காலத்தில் ட்ரோன் என வழங்கும் ஆளில்லாச் சிறு விமானத்துக்கு அத்தகைய நூல் கிடையாது. அது மேலே எழுந்த பின்னர், அதனை இயக்குபவர் யார், எங்கே நிற்கின்றார், எந்நாட்டவர் என்பன கீழே நிற்பவர்க்குத் தெரியா. இல்லாத அந்த நூலின் இடத்திலேதான் பதிவெண், அனுமதிப்பத்திரம், உயர வரம்பு முதலியவற்றை அரசாங்கங்கள் வைத்திருக்கின்றன.

ஐரோப்பாவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்வோரும், விடுமுறையிற் பிறநாடுகளைக் காணச் செல்லும் இளைஞரும் இக்கருவியைப் பயணப்பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்படுகின்றனர். கமரா பொருத்திய விளையாட்டுப் பொருள்தானே என்பது அவர்கள் எண்ணம். 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மியன்மார் நாட்டுக்குச் சென்ற பிரெஞ்சு உல்லாசப் பிரயாணி ஒருவரும் அவ்வாறே எண்ணியிருத்தல் கூடும். அவர் தலைநகராகிய நேபிடோவிற் பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே தம் கருவியைப் பறக்கவிட்டார். அதன் பயனாக அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இத்தகைய கடுமைக்கு அடிப்படை யாது? 1944ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதலாவது உறுப்புரை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் முழு இறைமை உண்டு என்று கூறுகின்றது. எட்டாவது உறுப்புரையோ, விமானி இல்லாது பறக்கவல்ல விமானம் எதுவும் ஒரு நாட்டின் விசேட அனுமதியின்றி அந்நாட்டின் மேல் அவ்வாறு பறத்தலாகாது என்கின்றது. பொழுதுபோக்குக் கருவியை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட வாசகமன்று அது. ஆயினும், அந்நிய நாட்டு ஆகாயம் ஒருவர் விருப்பம்போலப் புகத்தக்க பொதுவெளி அன்று என்ற கொள்கை அன்றே நிலைபெற்றுவிட்டது. ஆதலின், சொந்த நாட்டிற் பெற்ற அனுமதி எல்லை கடந்தவுடன் பெரும்பாலும் வெறுங் கடதாசியாகிவிடுகின்றது.

நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடினும் ஓர் எண் மட்டும் பல நாடுகளிலே திரும்பத் திரும்ப வருகின்றது. தரையிலிருந்து 120 மீற்றர், அதாவது ஏறக்குறைய 400 அடி என்பதே அவ்வெண். ஆட்களை ஏற்றிச்செல்லும் விமானங்கள், ஏறும் வேளையும் இறங்கும் வேளையும் ஒழிந்தால், பொதுவாக 500 அடிக்குக் கீழே பறப்பதில்லை. இரண்டுக்கும் இடையே நூறடி வெளி விடப்பட்டிருக்கின்றது. விமான நிலையத்தின் அயலிலோ இந்த இடைவெளி இல்லாமற் போகின்றது. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், நத்தாருக்குச் சில நாட்கள் முன்னர், இலண்டனுக்கு அணித்தான கற்விக் விமான நிலையத்தில் ட்ரோன் காணப்பட்டது என்ற செய்தியினால் ஏறக்குறைய ஆயிரம் விமானப் பயணங்கள் தடைப்பட்டன. 1,40,000 பிரயாணிகள் அல்லலுற்றனர். குற்றவாளி எவரையும் காணாமலே பொலிசார் அடுத்த ஆண்டில் விசாரணையை முடித்தனர். அங்கே உண்மையில் ட்ரோன் ஒன்று பறந்ததா என்ற ஐயமும் எழுந்ததுண்டு. கண்டோம் என்ற சொல்லே ஒரு பெரிய விமான நிலையத்தை மூடவைக்கும் என்றால், அதிகாரிகளின் கண்டிப்பைக் குறைகூறுதல் எளிதன்று.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரே விதித்தொகுதி 2020 டிசெம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. சுவிற்சர்லாந்தும் 2023 சனவரி 1 முதல் அதனை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தாம் முதலிற் பறக்கவிட எண்ணும் நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரத்திடம் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அங்கே பெறும் எண் ஏனைய ஒன்றிய நாடுகளிலும் செல்லும். அவ்வெண்ணைக் கருவியின் மேல் ஒட்டிவைத்தல் வேண்டும்.

இவ்விடத்திலே பலர் தவறிவிடுகின்றனர். 250 கிராமுக்குக் குறைந்த கருவிக்குப் பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டு, 249 கிராம் நிறையுள்ளதைத் தேடி வாங்குகின்றனர். சட்டத்தின் மறுபாதியை அவர்கள் வாசிப்பதில்லை. கமரா பொருத்தியதாயின், சிறுவர் விளையாட்டுப் பொருளென வகுக்கப்பட்டதல்லாத எக்கருவிக்கும், நிறை எவ்வளவு குறைந்ததாயினும், இயக்குபவர் பதிவு செய்தே ஆகவேண்டும். கமரா இல்லாத ட்ரோனை விடுமுறைக்கு எடுத்துச் செல்வார் யார்? கருவியின் நிறை 250 கிராமும் அதற்கு மேலுமாயின், பதிவோடு பயிற்சியும் தேர்வும் வேண்டப்படும். எந்நிறையதாயினும், பறப்பது கண்ணுக்கு நேரே தெரிந்துகொண்டிருத்தல் வேண்டும். சனக்கூட்டத்தின் மேலே ஒருபோதும் செல்லலாகாது. தேர்த்திருவிழாவை மேலிருந்து படம்பிடிக்க விரும்புவோர் இவ்விதியை முதலிற் கவனித்தல் நன்று. ஜேர்மனியில் மூன்றாம் ஆளுக்கு நேரும் நட்டத்துக்கான காப்புறுதியும் கட்டாயமாகும்.

பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டமையால், பாரிசிற் பெற்ற பதிவெண் இலண்டனிற் செல்லாது. அங்கே 2026 சனவரி 1 முதல் 100 கிராம் நிறையுடைய கருவியை இயக்குவோரும் தேர்வொன்றிற் சித்தியடைந்திருத்தல் வேண்டும்.

பதிவு செய்தலே போதுமானது என்று கொள்ளத்தகாத நாடுகளும் உள. மொறொக்கோ 2015ஆம் ஆண்டிலே முன்னனுமதியற்ற ட்ரோன்களின் இறக்குமதியைத் தடுத்தது. சுங்கப்பகுதியினர் அவற்றை விமான நிலையத்திலே பறித்து வைத்துக்கொள்வர். எகிப்திலே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவை. பிரமிட்டுகளை ஆகாயத்திலிருந்து காணும் ஆசை அங்கே சிறைவாசலிலும் முடியலாம். சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் யாத்திரை செல்வோர் அறியவேண்டியது, இந்தியா 2022 பெப்ரவரி 9ஆந் திகதி வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்தது என்பதாகும். ஆராய்ச்சி, பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கே விலக்கு உண்டு. அயல்நாடு, மொழியும் ஒன்று என்பதனாற் சுங்க அதிகாரி கண்ணை மூடிக்கொள்ளப் போவதில்லை. யாத்திரிகர் அதனை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதே உத்தமம்.

ஆகாயச் சட்டம் அனுமதித்தாலும் நிலத்துக்குரியவர் மறுக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் 2014 யூன் முதல் ட்ரோன்களுக்குத் தடை உண்டு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், யெலோஸ்டோன் பூங்காவிலுள்ள புகழ்பெற்ற பல்நிறவெந்நீர் ஊற்றினுள்ளே டச்சுப் பிரயாணி ஒருவரின் கருவி விழுந்துவிட்டது. அபராதமும் நட்ட ஈடுமாக அவர் செலுத்தியது 3,000 டொலருக்கு மேல். கருவியின் விலையோடு ஒப்பிட்டால், கோழியைக் காட்டிலும் அதன் காற்சலங்கை விலை கூடிய கதைதான்.

விலக்கப்பட்ட இடத்திலே கருவி தானாகவே எழமறுக்கும் என்று நம்பியிருப்போரும் பலர். டிஜேஐ என்னும் சீன நிறுவனத்தின் கருவிகள் முன்னர் அவ்வாறு தடுத்ததுண்டு. ஆயின், அந்நிறுவனம் ஐரோப்பாவில் 2024ஆம் ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டிலும் அத்தடையை நீக்கி, எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. எச்சரிக்கையை மீறி விசையை அழுத்துபவரே இனிப் பொறுப்பாளி.

புறப்படுமுன் பற்றரிகளையும் கவனித்தல் வேண்டும். மேலதிகமான இலிதியம் பற்றரிகளை விமானத்தின் சாமான் அறைக்குச் செல்லும் பெட்டியில் இடலாகாது. கைப்பையிலேதான் கொண்டுசெல்லல் வேண்டும். சாமான் அறையில் அவை தீப்பற்றினால் அணைக்க அங்கே ஆளில்லை. 100 உவாற்று மணிக்கு உட்பட்டவற்றுக்குப் பொதுவாகத் தனியனுமதி தேவையில்லை. அதற்கு மேல் 160 வரையுள்ளவற்றுக்கு விமானக் கம்பனியின் சம்மதம் வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று முட்டாதவாறு ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, முனைகளின் மேல் ஒட்டுநாடா சுற்றிவிட்டால், பரிசோதனை மேசையிலே நெடுநேரம் நிற்க நேராது.