பிரதமர் வரவேற்ற கேலி: ‘சங்கர்ஸ் வீக்லி’ கதை

புது தில்லி: நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாபர் மார்கில் ‘நேரு இல்லம்’ என்றொரு கட்டடம் உண்டு. 1957-ல் உருவான குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், 1965-ல் திறக்கப்பட்ட பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகமும் அமைந்த இடம் அது. இரண்டையும் நிறுவியவர் கே. சங்கர் பிள்ளை. குழந்தைகளுக்காக உழைத்த இதே மனிதர்தான், பிரதமரையும் அமைச்சர்களையும் வாரந்தோறும் கேலி செய்த ஓர் இதழை 27 ஆண்டுகள் நடத்தியவர்.

1902-ல் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த சங்கர், 1932 முதல் தில்லியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்தார். 1948 மே மாதம் ‘சங்கர்ஸ் வீக்லி’யைத் தொடங்கினார். தொடங்கிவைத்தவர் பிரதமர் நேரு. ‘என்னை விட்டுவைக்காதீர்கள், சங்கர்’ என்று நேரு சொன்னது இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. சங்கரும் விட்டுவைக்கவில்லை. 1964 மே 17 இதழில், மெலிந்து களைத்த நேரு கையில் தீப்பந்தத்துடன் ஓட, அடுத்து யார் என்ற கேள்வியோடு நந்தா, சாஸ்திரி, மொரார்ஜி, கிருஷ்ண மேனன், இந்திரா ஆகியோர் பின்தொடரும் சித்திரம் வெளியானது. பத்தே நாளில் நேரு மறைந்தார்.

இதழின் அலுவலகம் ஒரு பயிற்சிக்கூடமாகவும் விளங்கியது. அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன் போன்றோர் அங்கு தொழில் பழகியவர்களே. தில்லியின் கேலிச்சித்திர உலகில் மலையாளிகள் கொடிகட்டிப் பறந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரு தந்த சுதந்திரம் அவருடைய பெருந்தன்மையைச் சார்ந்தே இருந்தது. அந்த மனிதர் போன பின் அதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

1975 ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. மறுநாளே பத்திரிகைத் தணிக்கை வந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதியிட்ட இதழோடு ‘சங்கர்ஸ் வீக்லி’ நின்றது. அரசு தடை செய்யவில்லை. 73 வயது சங்கரே மூடினார். சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள இயலாது என்றும், ஹிட்லரின் ஆண்டுகளில் நல்லதொரு கேலிச்சித்திரம்கூட வரவில்லை என்றும் விடைபெறும் தலையங்கம் கூறியது. அதே அரசு 1976-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது!

சிரிப்பு அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. அப்போது மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அபு, குளியல் தொட்டியில் அமர்ந்தபடியே குடியரசுத் தலைவர் அவசரச் சட்டங்களில் கையெழுத்திடுவதாக வரைந்த சித்திரம், 1975 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வெளியானது.

சங்கர் 1989-ல் காலமானார். அவர் பெயர் மீண்டும் நாடாளுமன்றத்தை உலுக்கியது 2012 மே 11 அன்று. அரசியல் சட்டம் என்னும் நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டை ஓங்கும் அவரது 1949-ஆம் ஆண்டுச் சித்திரம், என்.சி.இ.ஆர்.டி.யின் 11-ஆம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த எதிர்ப்பைச் சகிப்பின்மை என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. 1949-ல் அது இரண்டு அமைச்சர்களைப் பற்றிய நையாண்டி. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் தலித் மாணவரின் கண்ணுக்கு அம்பேத்கரின் பின்னால் ஓங்கிய சாட்டை வேறொன்றாகவே தெரியும். ஆனால் அதை விளக்கிச் சொல்லவோ விவாதிக்கவோ அவையில் எவருக்கும் பொறுமை இல்லை. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கோரி, சித்திரத்தை நீக்குவதாக அறிவித்தார். பாடநூல் ஆலோசகர்கள் சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினர்.

இரண்டு நாள் கழித்து, மே 13 ஞாயிறன்று இரு அவைகளும் சிறப்பு அமர்வாகக் கூடி நாடாளுமன்றத்தின் 60-ஆம் ஆண்டைக் கொண்டாடின.