ரெட் ஒயின்: ‘கெட்டுப்போச்சு’க்கும் ‘பிடிக்கல’க்கும் என்ன வித்தியாசம்?

புனே கோரேகாவ் பார்க்கில் ஒரு டீம் டின்னர். மேனேஜர் ரெட் ஒயின் ஆர்டர் பண்றார். சர்வர் கிளாஸில் ஒரு மடக்கு மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார். மேனேஜர் கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டுகிறார்.

அந்தத் தலையாட்டலுக்கு ‘பிடிச்சிருக்கு’ என்று அர்த்தமில்லை. ‘கெட்டுப்போகல, ஊற்றலாம்’ என்றுதான் அர்த்தம். கெட்டுப்போன பாட்டிலைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். பிடிக்கலன்னா, அது நம்ம தேர்வு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர் கெட்ட ஒயினைக் காசு கொடுத்துக் குடித்துவிட்டு, ‘எனக்கு ரசிக்கத் தெரியல’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மூக்குதான்.

• நனைந்த அட்டைப்பெட்டி வாசனை: கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை.
• வினிகர் அல்லது நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி: பாக்டீரியா புகுந்துவிட்டது.
• இளம் ஒயினிலேயே பழுப்பு நிறம், வெட்டி வைத்த ஆப்பிள் வாசனை: காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது.
• காய்ச்சிய ஜாம் மாதிரி வாசனை, வெளியே துருத்தி நிற்கும் கார்க்: சூட்டில் வெந்துவிட்டது.

கடைசி பிரச்சினைதான் நம்ம ஊர்களில் கவனிக்க வேண்டியது. ஒரு மே மாதம், வெயில் நேராக விழும் ஷோகேஸிலிருந்து எடுத்துக் கொடுத்த பாட்டிலை வாங்கினேன். கஷாயம்தான். அதே ஒயினை ஏசி உள்ள வேறொரு கடையில் வாங்கியபோது நன்றாகவே இருந்தது. முதல் பாட்டிலோடு நிறுத்தியிருந்தால், தயாரிப்பாளரைத்தான் திட்டியிருப்பேன்.

நாக்கு இழுப்பது குறையா?

இல்லை. ரெட் ஒயினில் திராட்சையைத் தோலோடு புளிக்க வைக்கிறார்கள். நிறமும் டானினும் அந்தத் தோலிலிருந்து வருகின்றன. டானின் என்றதும் பயப்பட வேண்டாம். நாவல்பழமும் பாக்கும் நாக்கில் செய்யும் அதே துவர்ப்புதான். கொழுப்புள்ள மட்டன், சீஸோடு சாப்பிட்டால் அது அடங்கும்.

நல்ல ஒயினில் துவர்ப்பு, புளிப்பு, பழச்சுவை, ஆல்கஹால் நான்கும் ஒன்றையொன்று அமுக்காது. விழுங்கிய பிறகும் சுவை கொஞ்ச நேரம் நிற்கும். தொண்டை எரிச்சல் மட்டும் மிஞ்சினாலோ, பச்சைக் குடைமிளகாய் வாசனை மட்டும் தூக்கலாக இருந்தாலோ, கெட்டுப்போகாவிட்டாலும் அது சுமாரான ஒயின். பழுக்காத திராட்சையிலும் இந்தக் குடைமிளகாய் வாசனை வரும்.

விலை அதிகம்னா சுவையும் அதிகமா?

தரவு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட முறை லேபிளை மறைத்து நடந்த சுவைப்புகளை ஆராய்ந்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. விலை தெரியாதபோது, ஒயின் பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை அதிகமான ஒயின்கள் சராசரியாகச் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தன.

வீட்டிலேயே சோதிக்கலாம்

புனேக்காரர்களுக்கு ஒயின் ஊர்கள் தூரமில்லை. 1980-களில் ஷாம்ராவ் சௌகுலே ஒயின் தொழிலைத் தொடங்கிய நாராயண்காவ் புனே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சூலா நாசிக்கில், ஃபிராட்டெல்லி சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில்.

மூன்று பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். ‘ரூம் டெம்பரேச்சர்’ என்பது ஐரோப்பியக் கணக்கு. சுமார் 16–18 டிகிரி. அதனால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஆளுக்கு ஓரிரு மடக்கு போதும். மார்க் எழுதிய பிறகுதான் பேப்பரைப் பிரிக்க வேண்டும்.

ஒன்று மட்டும்: ‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்று தொடங்காதீர்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர், அடுத்த முறை சர்வர் காத்திருக்கும்போது முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டை வாசனை வந்தால், தலையாட்டாதீர்கள்.