குட்டி கேட்பது பிள்ளைகள்... வளர்ப்பது நாம்!



சினிமாவிலும் விளம்பரத்திலும் பொன்னிற முடியோடு துள்ளி வரும் 'கோல்டன் ரெட்ரீவர்' நாயைப் பார்த்துவிட்டு, "அம்மா, நமக்கும் ஒண்ணு வாங்கலாம்மா" என்று பிள்ளைகள் அடம் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வாங்கித் தருவது அப்பா. கொஞ்சுவது பிள்ளைகள். மூத்திரம் துடைப்பதும், சோறு பிசைந்து வைப்பதும், ஊசி போடத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் யார்? நாம்தானே! அதனால் 'சரி' என்று தலையாட்டும் முன்பு, அது எந்த வயதில் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் மணிக்கு இப்போது 3 வயது. பட்டுத்தறி ஓடுகிற வீட்டில் அவனை வளர்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இந்த ஜாதி ஸ்காட்லாந்தில் உருவானது. ட்வீட்மவுத் பிரபு என்பவர் 1868-ல், நூஸ் என்ற மஞ்சள் நிற நாயையும் பெல் என்ற நீர் ஸ்பானியல் நாயையும் சேர்த்து வளர்த்தாராம். சுட்ட பறவையைக் கடித்துக் குதறாமல் வாயில் கவ்விக்கொண்டு வருவதுதான் இதன் வேலை. உங்கள் செருப்பையும் துண்டையும் அது ஏன் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று இப்போது புரிகிறதா?

பிறந்து இரண்டு வாரம் வரை குட்டிக்குக் கண் திறக்காது. அதன் பிறகு தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் 'எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்' என்ற பாடத்தைப் படிக்கிறது. அதனால் 8 வாரம் ஆகாத குட்டியை வாங்கவே வாங்காதீர்கள். அப்படி விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது.

மூன்று, மூன்றரை மாதம் வரை அது பார்ப்பதும் கேட்பதும் மனதில் அப்படியே பதியும். தறிச் சத்தம், குக்கர் விசில், கோயில் மேளம், வண்டி ஹாரன், குழந்தைகள், வயதானவர்கள் எல்லாவற்றையும் பயமில்லாமல் அப்போதே பழக்கிவிட வேண்டும். ஆனால் தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கிவிடாமல், இடுப்பில் வைத்துக்கொண்டே காட்டுங்கள். பார்வோ என்ற ரத்த பேதி வந்தால் குட்டி இரண்டே நாளில் போய்விடலாம். ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பிக்கும் ஊசியை நான்கு மாதம் வரை டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. பிறகு வருடா வருடம்.

நான்காவது மாதத்தில் 28 பால் பற்கள் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைக்கும். ஈறு ஊறலில் எதைப் பார்த்தாலும் கடிக்கும். எங்கள் வீட்டில் பாவு, தார், ஜரிகை என்று தரையெல்லாம் பணம்தானே! தறி இருக்கிற அறைக்கு ஒரு குட்டைத் தட்டி வைத்து அடைத்தோம். பழைய துண்டை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள். குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால் 'குட்டிதானே' என்று விடாதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைதான் பெரிய சோதனை. உடம்பு வளர்ந்த நாய், புத்தி குட்டி! கூப்பிட்டால் வராது, ஆள்மேல் தாவும், சங்கிலியோடு நம்மையே இழுக்கும். "ஏம்மா, இது எப்பத்தான் அடங்கும்?" என்று என் மாமியார் தினமும் கேட்டார். 'யாருக்காவது கொடுத்துடலாம்' என்ற பேச்சும் எங்கள் வீட்டில் வந்தது. பல வீடுகளில் நாயைக் கைவிடுவதும் இந்த வயதில்தான். அடிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். சொன்னபடி கேட்டால் உடனே ஒரு துண்டு கேரட் கொடுங்கள். காலையும் மாலையும் நடக்க வையுங்கள். எலும்பு முற்றும் வரை உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள்; இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த ஜாதிக்கு அதிகம். இரண்டு வயதில் மணி தானாகவே நிதானத்துக்கு வந்துவிட்டான். இன்று மாமியார் காலடியில்தான் அவன் தூக்கம்.

நம் ஊர் வெயில் இதற்கு எதிரி. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். அதனால் விடிவதற்குள் பாலாற்றுப் பக்கம் நடத்திவிட்டு வருவேன். பகல் முழுக்க நிழலும் தண்ணீரும் வேண்டும். வெயிலுக்கு நல்லது என்று முடியை ஒட்ட மழிக்கக் கூடாது. அந்த இரட்டை முடிதான் தோலுக்குக் குடை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். நம் சாம்பார் சாதம் அதற்கு ஆகாது.

வளர்ந்தால் 25-லிருந்து 34 கிலோ. பத்துப் பன்னிரண்டு வருடம் நம்மோடு இருக்கும். வெயில், செலவு இரண்டையும் யோசித்தால் நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தெருக்குட்டியும் எதில் குறைச்சல்? ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வந்திருக்கிறதே!

எந்தக் குட்டியானாலும் சரி, வாங்கும் முன்பு வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, யாருக்கு என்ன வேலை என்று பேசிவிடுங்கள், தோழிகளே. வாயில்லா ஜீவனை ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய்த் தெருவில் விடுகிற பாவம் நமக்கு வேண்டாம்.

- ஒரு வாசகி, ஓரிக்கை.