சார்பின் மதிப்பகமும் வீச்சகமும்

500 லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி ஒன்று நிறைந்திருக்கிறது. பம்பு ஒன்று அதிலிருந்து நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் நீரை வெளியேற்றுகிறது எனக் கொள்க. கழிந்த நிமிடங்களை 10-ஆல் பெருக்கி, 500-இலிருந்து கழித்தால், எஞ்சியுள்ள நீரின் அளவு கிடைக்கும். 20 நிமிடங்களுக்குப் பின் 300 லிட்டர் இருக்கும். 50 நிமிடங்களுக்குப் பின் ஒன்றும் இராது. 60 நிமிடங்களுக்குப் பின் எவ்வளவு இருக்கும்? விதியின்படி விடை −100 லிட்டர். கழித்தலில் பிழை ஏதுமில்லை. ஆனால் அத்தகைய நீர் எந்தத் தொட்டியிலும் இல்லை. விதி செல்லாத இடத்தில் அதனைக் கையாண்டதே பிழையாகும்.

இவ்வாறு ஓர் அளவு மற்றோர் அளவைப் பொறுத்து அமையும் தொடர்பு, சார்பு எனப்படும். முதல் அளவின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு விடை இருத்தல் வேண்டும். இடத்தக்க மதிப்புகள் அனைத்தும் அடங்கிய தொகுதி மதிப்பகம். அவற்றால் கிடைக்கும் விடைகள் அனைத்தும் அடங்கிய தொகுதி வீச்சகம். மேற்கூறிய சார்பின் மதிப்பகம் 0 முதல் 50 நிமிடங்கள் வரை. வீச்சகம் 0 முதல் 500 லிட்டர் வரை. வெறும் சூத்திரமாகக் கருதினால் அதில் எந்த எண்ணையும் இடலாம். எல்லையை வகுப்பது சூத்திரம் அன்று; சூழ்நிலையே.

மதிப்பகம் எப்போதும் இடைவெளியின்றித் தொடர்ந்து அமையும் என்பதில்லை. 50 இருக்கைகள் கொண்ட பேருந்து ஒன்றில் நின்று செல்ல அனுமதியில்லை. ஒருவருக்குக் கட்டணம் 12 ரூபாய் என்க. பயணிகளின் எண்ணிக்கை 0 முதல் 50 வரையுள்ள முழு எண்களாகவே இருக்க இயலும். எனவே வசூல் 0, 12, 24 என்று தொடங்கி 600 ரூபாயில் முடியும் 51 தொகைகளுள் ஒன்றாகவே இருக்கும். கணக்கில் 130 ரூபாய் எனக் கண்டிருந்தால், பயணிகளை எண்ணாமலேயே அது தவறு எனக் கூறிவிடலாம். 130 வீச்சகத்தில் இல்லை. கிடைத்த விடையைச் சோதிக்க வீச்சகம் இங்ஙனம் பயன்படுகிறது.

1748-ஆம் ஆண்டில் ஆய்லர் எழுதிய நூல், சார்பு என்பதை ஒரு கணிதக் கோவையாகவே வரையறுத்தது. 1837-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லே இக்கருத்தை விரிவாக்கினார். குறித்த எல்லைக்குள் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே விடை அமைந்தாற் போதும். எல்லை முழுவதற்கும் ஒரே சூத்திரம் இருக்கவேண்டியதில்லை என்பது அவரது கொள்கை. ஆகவே எல்லையைக் கூறாமல் சார்பைக் கூறுவது பாதி கூறியதற்கே ஒப்பாகும்.

இவ்வெல்லையை மறப்பது உயிருக்கே இடராக முடியலாம். காய்ச்சலை அளக்கும் பாதரச உஷ்ணமானியில் பொதுவாக 35 முதல் 42 பாகை செல்ஷியஸ் வரையே குறிகள் உள்ளன. காய்ச்சல் கண்டவருக்கு இது போதுமானது. ஆனால் எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த சிசுவின் உடல் எளிதில் குளிர்ந்துவிடும். அதன் உஷ்ணநிலை 36.5 பாகைக்குக் கீழ் இறங்குவதே கவலைக்குரியது. 32 பாகைக்குக் கீழ் இறங்கினால் ஆபத்து மிகக் கடுமையாகும். 34 பாகையில் உள்ள சிசுவையும் 31 பாகையில் உள்ள சிசுவையும் இவ்வுஷ்ணமானி வேறுபடுத்திக் காட்டாது. இரண்டிலும் பாதரசம் முதற்குறிக்கு மேல் ஏறுவதில்லை. கருவியில் பழுதில்லை, அளக்க வேண்டிய நிலையே அதன் மதிப்பகத்திற்கு வெளியில் உள்ளது. இதன் பொருட்டே சிசுப் பராமரிப்பில், குறைந்த உஷ்ணநிலைகளையும் காட்டவல்ல உஷ்ணமானிகள் வேண்டப்படுகின்றன. இன்று பரவிவரும் மின்னணு உஷ்ணமானிகளுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு; அவை உடன்வரும் குறிப்புத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

எனவே எந்த விதியையும் கருவியையும் கையாளுமுன் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். இடப்படும் அளவு எதிலிருந்து எதுவரை செல்லலாம்? அது முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டுமா, பின்னமாகவும் இருக்கலாமா? அவ்வெல்லைக்குள் எத்தகைய விடைகள் கிடைக்கக்கூடும்? முதல் இரண்டும் மதிப்பகத்தைத் தரும். மூன்றாவது வீச்சகத்தைத் தரும். இவற்றை அறிந்தபின் செய்யும் கணக்கே நம்பத்தக்கதாகும்.