எண்ணெய் விலையும் மூன்று விடைகளும்

1973ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மேற்காசியாவில் போர் மூண்டது. இசுரேலுக்குத் துணைநின்ற நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதில்லை என அரபு நாடுகள் முடிவெடுத்தன. அமெரிக்காவும் நெதர்லாந்தும் அத்தடைக்கு இலக்காயின. ஏறத்தாழ மூன்று டாலராக இருந்த ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயின் விலை, அடுத்த சில திங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. போரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நாடுகளும் அந்த விலையைக் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை கடுமையாக உயர்ந்தது. அதனைக் கண்டிக்கும் வகையில், அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அடல் பிகாரி வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்திற்கு வந்தார்.

கண்டனம் தெரிவிக்க மாட்டுவண்டி போதும். நாட்டை இயக்க அது போதாது. விடை தேடிய நாடுகளுக்கு மூன்று வழிகள் தென்பட்டன. எரிபொருளின் ஒவ்வொரு துளியிலிருந்தும் கூடுதல் வேலை வாங்குவது ஒரு வழி. எரிபொருளை நிலத்தில் விளைவித்துக்கொள்வது மற்றொரு வழி. எரிபொருளே தேவைப்படாத ஊர்தியில் ஏறிக்கொள்வது மூன்றாம் வழி. விலை ஏறும்போதெல்லாம் இம்மூன்றும் இன்றும் பேசப்படுகின்றன. எரிபொருள் நிலையத்தில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் வேறோர் இடத்தில், வேறொருவரிடமிருந்து வாங்கப்பட்டுவிடுகிறது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

காற்றை அழுத்திய பொறி

செருமானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் வாழ்ந்த காலத்தில் நீராவிப் பொறி, தனக்கு ஊட்டப்பட்ட வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதற்குத் திணறியது. எஞ்சியது புகையாகவும் வெப்பமாகவும் வீணாயிற்று. 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துப் பார்க்கப்பட்ட அவருடைய பொறி 26 விழுக்காட்டு வெப்பத்தை வேலையாக்கியது. அதன் நுட்பம் எளியது. பெட்ரோல் பொறியில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்பட்டு, மின்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. கலவையை அளவுக்குமேல் அழுத்தினால் அது தானே தீப்பற்றிப் பொறியைச் சிதைத்துவிடும் என்பதால் அழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. டீசல் பொறியிலோ காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது. பதினாறில் ஒரு பங்காகவும் அதற்குக் குறைவாகவும் சுருங்கும் காற்று, 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அந்நேரத்தில் பீய்ச்சப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் மிகுதியாக இருப்பதால், விரிவடையும்போது கிடைக்கும் வேலையும் மிகுதி. இக்காலச் சரக்குந்துகளின் சிறந்த பொறிகள் 40 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுதல் ஆற்றல் உண்டு.

பாரம் சுமப்பவர்கள் டீசலைக் கைவிடாததற்கு இதுவே காரணம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து புறப்படும் சரக்குந்துகள் இந்தியாவின் எல்லை மாநிலங்கள்வரை செல்கின்றன. அவற்றின் ஓட்டச் செலவில் பெரும்பங்கு டீசலுக்கே போய்விடுகிறது. அதன் விலை ஏறினால் கோயம்பேட்டில் தக்காளியின் விலையும் ஏறும். இதனை அஞ்சியே இந்திய அரசு நெடுங்காலம் டீசல் விலையைத் தன் செலவில் தாழ்த்தி வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010ஆம் ஆண்டு நீக்கப்பட்டபோதும், டீசலுக்கு அக்கட்டுப்பாடு 2014 வரை நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வசதி படைத்தோர் பலர் டீசல் மகிழுந்துகளை விரும்பி வாங்கினர். உழவருக்கும் சரக்குந்து ஓட்டுநருக்கும் எனக் கொடுக்கப்பட்ட உதவியில் ஒரு பகுதி இவ்வாறு சொகுசு மகிழுந்துகளின் கலத்தில் ஊற்றப்பட்டது.

இன்னொரு கணக்கு நுரையீரலில் எழுதப்பட்டது. டீசல் எரியும்போது நுண்ணிய கரித்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிப்படுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டு டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல்முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை ஆறு விதிகள், புதிய ஊர்திகளில் துகள் வடிகட்டி போன்ற கருவிகளைப் பொருத்தச் செய்தன. பழைய சரக்குந்துகள் அவற்றின் ஆயுள் முடியும்வரை பழைய புகையையே கக்கும்.

வயலில் விளையும் எரிபொருள்

டீசல் பொறி தாவர எண்ணெயிலும் இயங்கும் என்பது அதன் இளமைக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1900ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அத்தகைய பொறியொன்று நிலக்கடலை எண்ணெயில் இயங்கிக் காட்டியது. ஆயினும் தாவர எண்ணெய் குழைவு மிக்கது; நாளடைவில் பொறியின் நுண்துளைகளை அடைத்துவிடும். எனவே, எண்ணெயுடன் மெத்தனாலையும் சிறிதளவு எரிசோடாவையும் சேர்த்து வினைபுரியச் செய்வர். கிளிசரின் அடியில் தங்கிப் பிரிய, மேலே நிற்கும் மெல்லிய நீர்மமே உயிரி டீசல்.

பெட்ரோலுக்கு மாற்றாக எத்தனாலை நாடளாவிய அளவில் முயன்ற நாடு பிரேசில். தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த அந்நாடு 1973இல் நிலைகுலைந்தது. சர்க்கரை விலையும் பின்னர் சரிந்ததால் ஆலைகளும் தவித்தன. இரண்டு துன்பங்களையும் ஒருசேரத் தீர்க்க, 1975 நவம்பரில் கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 1979இல் முழுவதும் எத்தனாலில் இயங்கும் மகிழுந்து விற்பனைக்கு வந்தது. 1980களின் நடுவில் அங்கு விற்ற புதிய மகிழுந்துகளில் பத்தில் ஒன்பது அவ்வகையினவே. பின்னர்க் கச்சா எண்ணெய் மலிந்தது. சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் சர்க்கரை காய்ச்சத் திரும்பின. 1989ஆம் ஆண்டின் இறுதியில் எத்தனால் கிடைக்காமல் மக்கள் நிலையங்களில் வரிசையில் நின்றனர். எண்ணெய் நாடுகளின் பிடியிலிருந்து தப்பியோர் சர்க்கரைச் சந்தையின் பிடியில் சிக்கினர் எனலாம். பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் மகிழுந்துகள் 2003இல் வந்தபின்னரே அப்பிடி தளர்ந்தது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடே என்பதால், அதன் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டிற்குள் இருந்தால்தான் பிரேசில் நாட்டவர் அதனை நிரப்புவர். விலையில் மட்டுமன்றி, எத்தனை கிலோமீட்டர் செல்லும் என்பதிலும் கண்வைக்கும் இக்கணக்கு கற்றுக்கொள்ளத்தக்கது.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டளவில் காட்டாமணக்கின்மீது பெரும் நம்பிக்கை வைக்கப்பட்டது. தரிசு நிலத்திலும் அது வளரும் என்றனர். வளரவும் செய்தது, ஆனால், நீரும் உரமும் இல்லாத நிலத்தில் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டமோ முன்னேறி, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு மிகுந்த நீர் குடிக்கும் பயிர். கரும்பிலிருந்து பெறும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறக்குறைய 2860 லிட்டர் நீர் செலவாகிறது என இந்திய அரசின் நிதி ஆயோக் 2021இல் மதிப்பிட்டது. அரிசியும் மக்காச்சோளமும் எத்தனால் ஆலைகளுக்குச் செல்கின்றன. மக்காச்சோளமே கோழித்தீவனத்தின் முதன்மைப் பொருள். சரக்குந்துக்குப் பெயர்பெற்ற நாமக்கல், முட்டைக்கும் பெயர்பெற்றது. எரிபொருள் விலை குறையவேண்டும் என வேண்டும் அவ்வூருக்கு, தீவன விலை ஏறக்கூடாது என்ற கவலையும் உண்டு. மெக்சிகோவில் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோள அடையின் விலை உயர்ந்து, மக்கள் தெருவில் திரண்டதற்கு, அமெரிக்க எத்தனால் ஆலைகளின் மக்காச்சோளத் தேவையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. உணவகங்களில் பொரித்து மிஞ்சும் எண்ணெயிலிருந்து எடுக்கும் உயிரி டீசலில் இக்குறை இல்லை. ஆனால், பொரித்த எண்ணெயின் அளவு எந்நாட்டிலும் சிறிதே.

ஐந்து இட்டலியும் பத்துக் கிலோமீட்டரும்

சமதளத்தில் இயல்பான விரைவில் மிதிவண்டி ஓட்டுபவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோகலோரி செலவிடுகிறார். பத்துக் கிலோமீட்டருக்கு ஐந்து இட்டலி போதும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 8000 கிலோகலோரி. அதே ஆற்றலை உணவாகப் பெற்றால் மிதிவண்டியில் 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாம். வழக்கமான பெட்ரோல் ஊர்தி எதுவும் இதற்கு அருகில் வருவதில்லை.

இத்துணைச் சிக்கனமான ஊர்தியையும் மக்கள் கைவிட்டனர். நெதர்லாந்தில் இரண்டாம் உலகப்போருக்குப்பின் மகிழுந்து பெருக, மிதிவண்டி ஓரங்கட்டப்பட்டது. 1971ஆம் ஆண்டு மட்டும் அங்குச் சாலை விபத்துகளில் 3000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விபத்தில் மகளை இழந்த இதழாளர் ஒருவர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதினார். அத்தலைப்பே பெற்றோர் இயக்கம் ஒன்றின் பெயராயிற்று. அவ்வேளையில்தான் எண்ணெய்த் தடை வந்தது. 1973 நவம்பர் 4முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டுவதை அரசு தடைசெய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் சக்கரக் காலணிகளில் விளையாடினர். குடும்பங்கள் மிதிவண்டியில் உலா வந்தன. தடை சில திங்களில் முடிந்தது. பெற்றோரின் கோரிக்கை முடியவில்லை. தில்பர்க், தி ஹேக் நகரங்களில் மிதிவண்டிக்கெனத் தனித்தடங்கள் அமைத்துப் பார்த்தனர். ஒற்றைத் தடத்தால் பெரும்பயன் விளையவில்லை. அது முடியும் இடத்தில் அச்சம் தொடங்கியது. டெல்ஃப்ட் நகரில் 1980களில் தடங்களை வலைபோல் இணைத்த பின்னரே மிதிவண்டிப் பயணம் கூடியது. இன்று அந்நாட்டுப் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் மிதிவண்டியில் நிகழ்கின்றன. அங்கு இதற்கான விலை, சாலையின் அகலத்தில் ஒரு பகுதியை மகிழுந்து விட்டுக்கொடுத்ததுதான்.

விட்டுக்கொடுக்க எதுவுமற்ற நிலையிலும் மிதிவண்டி வரும். 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் மக்கள் மிதிவண்டியையே நம்பி வாழ்ந்தனர். மின்சாரமும் இல்லாததால் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022இல் இலங்கை முழுவதும் அந்நிலை வேறு வடிவில் வந்தது. சனவரியில் 177 ரூபாயாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் சூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று. அதுவும் கிடைப்பது அரிதாகவே, கொழும்பில் மிதிவண்டிக்குத் தேவை பெருகி, அதன் விலையும் எட்டாத உயரத்திற்குச் சென்றது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவர்களுக்கு மிதிவண்டி விலையின்றி வழங்கப்படுகிறது. வீட்டிலிருந்து தொலைவில் உள்ள மேல்நிலைப் பள்ளிக்குச் செல்ல, பேருந்துக்குக் காத்திராமல் அம்மாணவர்கள் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்கள் செல்லும் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவற்றில், மிதிவண்டிக்கு எஞ்சியிருப்பது வெள்ளைக்கோட்டிற்கும் மண்ணிற்கும் இடைப்பட்ட ஒரு முழ அகலமே.