முதல் வேளைக்கு ரசம் போதும்

பட்டாளத்திலிருந்து லீவில் வருகிறவருக்கு விருந்து வைப்பது எப்படி?

“லீவ் சாங்ஷன் ஆயிடுச்சு” என்று வடக்கே இருந்து போன் வந்த மறுநிமிடமே வீட்டில் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். நாட்டுக்கோழிக்கு யாரிடம் சொல்லிவைப்பது, ஆட்டுக்கறி எத்தனை கிலோ, இனிப்பு வீட்டிலா கடையிலா, சித்தப்பா வீட்டைக் கூப்பிட்டால் பெரியப்பா வீட்டை விட முடியுமா? வருகிறவர் ஒருத்தர்தான். பட்டியலைப் பார்த்தால் பந்தி போடுகிற மாதிரி இருக்கும். பட்டியலில் தப்பில்லை. அத்தனையையும் அவர் வந்து இறங்கிய அன்றைக்கே இலையில் இறக்கிவிடத் துடிக்கிறோமே, அங்கேதான் சிக்கல்.

வேலூர்ப் பக்கம் இது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். உலகப்போர்க் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி வரும் ஊர். 1758-ல் தொடங்கி இன்று நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆகட்டும், பீரங்கிப் படையோ சிக்னலோ ஆகட்டும், எதில் இருந்தாலும் லீவ் என்றால் அவர்கள் வந்து இறங்குவது காட்பாடி ஜங்ஷனில்தான். அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேரும் மனிதரின் வயிறு என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், விருந்து பாதி சரியாகிவிடும்.

தேதியை நம்பி மாவு அரைக்காதீர்கள்

கல்யாணத்துக்கு முகூர்த்தம் உண்டு. பட்டாளத்துக்காரர் வருகைக்கு அது கிடையாது. லீவ் எழுதிக் கையெழுத்தான பிறகும் லடாக்கின் லே விமான நிலையத்தில் மேகம் இறங்கினால் விமானம் எழும்பாது. குளிர்காலத்தில் சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொள்ளும். டிரான்சிட் கேம்ப்பில் நாள்கணக்கில் காத்துக் கிடந்து, சண்டிகரோ டெல்லியோ வந்து சேர்ந்து, அங்கே பயண வாரண்டைக் காட்டி ரயில் பிடிக்க வேண்டும். ஜம்முவில் கட்ராவிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான். அதில் ஏறினால் இரண்டு மூன்று இரவு ரயிலிலேயே போய்விடும்.

முன்பெல்லாம் 56 ஏ.பி.ஓ. என்று முகவரி போட்ட கடிதம், ‘வருகிறேன்’ என்ற செய்தியோடு அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த கதைகள் உண்டு. அதற்கும் முன்னால், சங்க காலத்தில், காக்கை கரைவதுதான் செய்தி. பிரிந்துபோன கணவன் வருவான் என்று கரைந்து சொன்ன காக்கைக்கு ஏழு கலம் நெய்ச்சோறு வைத்தாலும் அது கொஞ்சம்தான் என்று ஒரு தோழி சொல்வதாகக் குறுந்தொகையில் பாட்டு இருக்கிறது. அதைப் பாடியதால்தான் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வந்தது. வந்து சேர்ந்தவனுக்கு என்ன சமைத்தார்கள் என்பதைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிச்சயமில்லாத தேதிக்குச் சமைக்கத் தெரிந்த பெண்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். கெடாதது முதலில். ரசப்பொடி, குழம்புப்பொடி, வடகம், மோர்மிளகாய், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு எல்லாம் லீவ் பேச்சு வந்ததுமே தயாராகலாம். தேதி பத்து நாள் தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை. கெடுகிற சாமான்களுக்கு மட்டும் ரயிலைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். “நாக்பூர் தாண்டிட்டேன்” என்று போன் வந்தால் உளுந்தை ஊறப்போடலாம். விஜயவாடா என்றால் கீரைக்கார அம்மாவிடம் சொல்லிவைக்கலாம். கூடூர் வந்துவிட்டது என்றால் புளியைக் கரைக்கலாம். கறியும் மீனும் அன்றைக்கு வாங்கவே வேண்டாம். ஏன் என்பதற்கு அவர் இத்தனை நாளாக என்ன சாப்பிட்டார் என்று தெரிய வேண்டும்.

முந்திரி மீது சலிப்பு

தரைமட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உயரே போகப் போக ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் முன்னதாகவே கொதித்துவிடும். 3,500 மீட்டர் உயரத்து லேயில் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். 1984 ஏப்ரலில் இந்தியப் படை ஏறி நிலைகொண்ட சியாச்சின் பனிமலையில், 5,500 மீட்டரை ஒட்டிய காவல் முனைகளில், 82 டிகிரிதான். கொதிக்கிறதே தவிர, வேகாது. திறந்த பாத்திரத்தில் அரிசி போட்டால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கரிசியாக நிற்கும். பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சோறு இல்லை. தண்ணீருக்கே பனிக்கட்டியை மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்து உருக்க வேண்டும். முட்டை கல்லாக உறைந்திருக்கும்.

சமைத்தாலும் சாப்பிடத் தோன்றாது என்பது இன்னொரு சங்கடம். காற்றில் பிராணவாயு குறைந்தால் பசி மந்தமாகும், உடம்பு இளைக்கும். அதற்கு ஈடுகட்டத்தான் அங்கே தனி ரேஷன்: முந்திரி, பாதாம், உலர்திராட்சை, சாக்லேட், டப்பாவில் அடைத்த பழம். மைசூரில் 1961-ல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் செய்து பழக்கிய பொட்டல உணவுகளும் சேரும். பிரித்துச் சுடவைத்தால் சாப்பாடு. கீழே யூனிட்டில் இருப்பவருக்கு லங்கர் உண்டு. படையில் சமையல்கூடத்துக்கு அதுதான் பெயர். ரொட்டி, தால், உருளைக்கிழங்கு சப்ஜி, பூரி, கிழமைக் கணக்கில் கறி. வயிறு நிறையும், குறை சொல்ல முடியாது. கறிவேப்பிலை மணம் மட்டும் வராது.

அவர் வருகிறார் என்று நாம் எதில் தாராளம் காட்டுவோம்? கேசரியில் கைநிறைய முந்திரி, பாயசத்தில் உலர்திராட்சை, டின்னில் வாங்கிய அன்னாசித் துண்டு. நமக்கு விசேஷமாகப் படுவதெல்லாம் அவருக்கு மாதக்கணக்கில் தின்று அலுத்துப்போனது. நமக்குச் சாதாரணமாகப் படுபவைதான் அவர் வாயில் நீர் ஊற வைப்பவை. சின்ன வெங்காயம், நாட்டுத் தக்காளி, முருங்கைக்கீரை, அன்று உடைத்த தேங்காய், புளித்த மோர்.

முதல் வேளை

இரண்டு மூன்று நாள் ரயிலில் பொட்டலச் சாப்பாடு, பிளாட்பார டீ, அரைத் தூக்கம். ஆலம் சுற்றி உள்ளே வந்து, குளித்துவிட்டு உட்காருகிறவருக்கு முன்னால் மட்டன் பிரியாணியை வைத்தால் உங்கள் மனம் நோகக்கூடாது என்று சாப்பிடுவார். அப்புறம் இரவெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் வேளைக்கு ஒரு குண்டான் சூடான சோறு, மிளகு ரசம், கீரைப் பொரியல், சுட்ட அப்பளம், மோர். போதும். ரசம் எளிது என்றாலும் அலட்சியமாக வைக்கக்கூடாது. பழுத்த நாட்டுத் தக்காளியைக் கையாலேயே பிசைந்து, நீர்த்த புளிக்கரைசலில் சேர்த்து, பச்சை வாசனை போக மட்டும் கொதிக்கவிட வேண்டும். மிளகும் சீரகமும் பூண்டும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டியதாக இருந்தால் நல்லது. மிக்ஸியில் மாவாக அரைத்தால் மணம் ஓடிவிடும். தட்டியதைப் போட்டுப் பருப்புத் தண்ணீரையும் ஊற்றிய பிறகு ரசத்தைக் கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் மஞ்சளாய் நுரை கட்டி மேலே எழும்பி வரும்போதே இறக்கி, நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி மூடிவிட வேண்டும். திறக்கிறபோது கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு அது போய்ச் சேரும். ‘நீ வீட்டுக்கு வந்துவிட்டாய்’ என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒருபிடி கூடுதலாகச் சாப்பிடுவார் என்று வேண்டுமானால் ஒரு காரக்குழம்பு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அதற்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள் குத்தும். எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய்போலக் குழையும்.

நாட்டுக்கோழிக்கு இரண்டாம் நாள் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவருக்குக் கேழ்வரகுக் களி கிண்டி, உருண்டையின் நடுவில் குழி பறித்துக் கோழிக்குழம்பை ஊற்றிக் கொடுங்கள். பிரியாணிக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் சித்தப்பா, பெரியப்பா, மச்சான் எல்லாரும். ஆம்பூர் பக்கத்தில் இருக்கும்போது அன்றைக்கும் வீட்டிலேயே தேக்சா ஏற்றிப் புகையில் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கடையில் சொல்லி வாங்கிவிட்டு, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயப் பச்சடியும் மட்டும் செய்தால் யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். பேசினால் அடுத்த தடவை அவர்களே சமைத்துக்கொண்டு வரட்டும்.

யார் சமைப்பது, யார் குடிப்பது

சாப்பாட்டைவிடச் சிக்கலானது அடுக்களை அரசியல். மகனுக்குத் தன் கையால் போட வேண்டும் என்று மாமியார் நினைப்பார். கணவருக்குத் தன் கையால் போட வேண்டும் என்று மனைவி நினைப்பாள். இருவர் நினைப்பும் நியாயம்தான். விவரமான மருமகள், தேதி தெரிந்த அன்றைக்கே, “அத்தே, குழம்பு நீங்க வைங்க, ரசம் நான் வைக்கிறேன்” என்று பேசி முடித்துவிடுவாள். வந்த பிறகு பேசினால் அது பஞ்சாயத்து.

பிள்ளைகள் விஷயம் வேறு. போனில் முகம் பார்த்துப் பேசிய குழந்தைகூட நேரில் வந்ததும் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ‘அப்பாகிட்ட போ, போ’ என்று தள்ளினால் இன்னும் மிரளும். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர்ச் சொம்பு எடுத்துவரட்டும், அப்பளம் பரிமாறட்டும். ஒரு அப்பளத்தை அப்பா பாதியாக உடைத்து நீட்டினால் பாதி வெட்கம் போய்விடும். அவர் பெட்டியைத் திறந்து லடாக்கின் காய்ந்த ஆப்ரிகாட்டையோ காஷ்மீர் வால்நட்டையோ எடுக்கும்போது மீதியும் போய்விடும்.

கேன்டீன் பாட்டிலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பட்டாளத்துக்காரர் வந்த வாசனை பிடித்து முதல் நாள் சாயங்காலமே திண்ணையில் நண்பர்கள் சேர்ந்துவிடுவார்கள். அவர் எழுந்து போனால் திரும்ப வருவது நடுநிசிக்கு. ரசம் ஆறிக் கிடக்கும், வீட்டில் முகம் தூக்கிக்கிடக்கும். சண்டை போடாமல் தடுக்க ஒரே வழி, நண்பர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கி முன்கூட்டியே சொல்லிவிடுவது. “முதல் நாள் வீட்டோடு, சனிக்கிழமை உங்களோடு” என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

தட்டைக் கழுவ விடுங்கள்

சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். லங்கர் பழக்கம்; அங்கே அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். “ஐயோ, நீ ஏம்பா?” என்று அம்மா பதறுவார். விட்டுவிடுங்கள். நல்ல பழக்கம் வீட்டுக்கு வருவதைத் தடுப்பானேன்? படைக்குள் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. படா கானா என்று பெரிய விருந்து நடக்கும். அன்றைக்கு அதிகாரிகளும் ஜவான்களும் ஒரே இடத்தில் சேர்ந்து சாப்பிடுவார்கள், அதிகாரி பரிமாறுவதும் உண்டு. பதவி பார்த்துப் பந்தி பிரிக்கிற படையிலேயே அப்படி ஒரு நாள் இருக்கிறபோது, வீட்டில் மட்டும் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடிச்சோற்றைச் சுரண்டுவது மனைவியின் கடமையாகிவிடுகிறது.

அவர் இல்லாத மாதங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், மாமனாருக்கு மருந்து வாங்கியவள், நிலத்துத் தகராறில் தாசில்தார் ஆபீசில் நின்றவள் எல்லாம் அவள்தான். வருகிறவருக்கு விருந்து என்கிறோம். காத்திருந்தவளுக்கும் சேர்த்துத்தான் அது. இப்போது மனைவி சீருடையில் இருந்து, கணவர் வீட்டில் கரண்டி பிடிக்கும் குடும்பங்களும் வந்துவிட்டன. அங்கே பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

ஒரு ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதில் ஒரு பகுதியைத்தான் இந்த முறை கொண்டுவந்திருப்பார் என்றாலும், கறிக்கும் மீனுக்கும் பணியாரத்துக்கும் நாள் இருக்கிறது. ஒரே ராத்திரியில் அடைத்துத் தீர்க்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. ஆகவே முதல் நாள் பட்டியலுக்கு ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் கைகழுவி உட்காரும்போது சமைத்தவளும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் தட்டோடு உட்கார முடிய வேண்டும். அதற்கு இடம் கொடுக்காத பதார்த்தம் எதுவானாலும், எவ்வளவு ருசியானாலும், மறுநாளுக்குத் தள்ளிவிடலாம்.